திறமூல மென்பொருளில் இணையதளம்: கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கடைக்காரர்களும் பண்ணையாளர்களும் கேட்கும் கேள்விகள்

இணையதளம் வேண்டும் என்று வருபவர்களும், ஏற்கெனவே இருக்கும் தளத்தைச் சீர்படுத்தித் தரும்படி கேட்பவர்களும் இந்த இரண்டு மாவட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கம் கைக்கெட்டும்படி இருப்பதற்காக, சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று விற்கும் ஒரு நாற்றுப்பண்ணை இருப்பதாக வைத்துக்கொண்டு, பல விடைகளை அந்தப் பண்ணையின் தளத்தைக் கொண்டே சொல்லியிருக்கிறேன்.

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது என்ன?

தளத்தின் தோற்றத்தையும் அதில் சொல்லப்படும் செய்தியையும் பிரித்து வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது. கன்றின் பெயர், விலை, விவரம் முதலியவை தரவுத்தளத்தில் இருக்கும். நிறமும் அமைப்பும் தீம் எனப்படும் கோப்புத் தொகுப்பில் இருக்கும். படங்கள் தனி அடைவில் இருக்கும். ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது சர்வரில், அதாவது தளம் குடியிருக்கும் கணினியில், உள்ள நிரல் இம்மூன்றையும் சேர்த்துப் பக்கமாக்கி அனுப்புகிறது. ஆகவே செந்தூரா கன்றின் விலை மாறினால், பண்ணை உரிமையாளர் தம் கைபேசியிலிருந்தே உள்ளே நுழைந்து மாற்றிவிடலாம். நிரல் எழுதுபவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

திறமூலம் என்றால் இலவசம் என்றுதானே பொருள்?

பணம் கொடுக்காமல் கிடைப்பது அதன் ஒரு விளைவு மட்டுமே. பரவலாக வழங்கும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளான வேர்டுபிரஸ், துருபல், ஜூம்லா ஆகிய மூன்றும் ஜிபிஎல் எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுபவை. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும், மூல நிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பிறருக்குத் தரவும், மாற்றிய வடிவத்தைப் பகிரவும் அந்த உரிமம் எவருக்கும் உரிமை தருகிறது.

இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு வேர்டுபிரஸின் பிறப்பே சான்று. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்னும் மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதைப் பயன்படுத்தி வந்த மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் அந்த நிரலை எடுத்து மேலே வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்டுபிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். மாம்போ என்னும் மென்பொருளிலிருந்து 2005-ல் ஜூம்லா கிளைத்ததும் இதே வழியில்தான். எழுதியவர் விலகினாலும் வேலை நிற்காது என்பதே இதன் பொருள்.

சந்தூர் நாற்றுப்பண்ணைக்கும் இதே உரிமைதான் சிறிய அளவில் பயன்படுகிறது. இன்று தளம் அமைத்துத் தருபவர் நாளை பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், இன்னொருவர் அதே தளத்தை அப்படியே ஏற்று நடத்த முடியும். ஆனால் டொமைன் எனப்படும் தள முகவரி, ஹோஸ்டிங் எனப்படும் சர்வர் இடம், நிர்வாகிக் கடவுச்சொல், தரவுத்தளத்தின் நகல் ஆகியவை உரிமையாளர் கையில் இல்லையென்றால், உரிமம் தந்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். கீழே வரும் விடைகள் பலவற்றிலும் இந்த ஒரு கவலை ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் காணலாம்.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கடை, நாற்றுப்பண்ணை, மருத்துவமனை, திருமண மண்டபம், சிறு பள்ளி ஆகியவற்றுக்கு வேர்டுபிரஸைப் பரிந்துரைக்கிறேன். காரணம், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஓசூரிலும் தர்மபுரியிலும் எளிதில் கிடைக்கிறார்கள். உள்ளூரில் உதிரிப் பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கும் மோட்டார் பம்பைத்தான் விவசாயி வாங்குவார். மென்பொருளிலும் அந்தக் கணக்குப் பொருந்தும்.

பல துறைகள், துறைக்கொரு பொறுப்பாளர், யார் எழுதலாம் யார் ஒப்புதல் தரலாம் என்ற படிநிலைகள் கொண்ட கல்லூரி போன்ற நிறுவனத்துக்குத் துருபல் நன்றாகப் பொருந்தும். பெல்ஜியத்தைச் சேர்ந்த டிரீஸ் பைட்டார்ட் 2001-ல் வெளியிட்ட மென்பொருள் அது. துருபலின் 7-ஆம் பதிப்பில் இன்னும் தளம் வைத்திருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டும்: அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டது. ஜூம்லாவில் ஏற்கெனவே நன்றாக ஓடும் தளத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் அதைச் சொல்லவும் மாட்டேன்.

வேர்டுபிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றனவே?

ஒன்று, ‘டாட் ஆர்க்’ முகவரியில் கிடைக்கும் மென்பொருள். அதைப் பதிவிறக்கி எந்த ஹோஸ்டிங்கிலும் நிறுவலாம். மற்றொன்று, ‘டாட் காம்’ முகவரியில் ஒரு நிறுவனம் அதே மென்பொருளைக் கொண்டு நடத்தும் சேவை. இந்தப் பக்கம் முதலாவதைப் பற்றியது.

டொமைனை யார் பெயரில் பதிவு செய்ய வேண்டும்?

உரிமையாளரின் பெயரில், உரிமையாளரின் மின்னஞ்சலில், உரிமையாளரின் கைபேசி எண்ணில் பதிவு செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ‘நாங்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் பெயரில் பதிவான டொமைன், பதிவேட்டைப் பொறுத்தவரை அவருடையதாகவே கருதப்படும். புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கும்போது எச்சரிக்கை மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும். அவர் அதைப் பார்க்கத் தவறினால், நாற்றுப்பண்ணை பல ஆண்டுகள் பைகளிலும் ரசீதுகளிலும் அச்சிட்டு வந்த முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும்.

‘டாட் இன்’ முகவரிகளை இந்தியாவின் தேசிய இணையப் பரிமாற்றகம் நிர்வகிக்கிறது. ‘.இந்தியா’ என்று முழுவதும் தமிழில் முடியும் முகவரியையும் வாங்கலாம். அதை விரும்பி வாங்குபவர்களை நான் ஊக்குவிக்கிறேன். ஆனால் விசிட்டிங் கார்டில் ஒரு ‘டாட் இன்’ அல்லது ‘டாட் காம்’ முகவரியும் இருக்கட்டும், ஏனென்றால் சில பழைய படிவங்களும் மின்னஞ்சல் செயலிகளும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை.

எங்கள் விலைப்பட்டியலும் நோட்டீசும் டிடிபி கடையில் தமிழில் அடித்தவை. அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டலாமா?

ஒட்டினால் பெரும்பாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தமிழ் எழுத்தின் வடிவம் மட்டுமே இருக்கும்; கணினியைப் பொறுத்தவரை அடியில் கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் தமிழ் மறைந்துவிடும். தேடுபொறியும் அதைத் தமிழாகக் காணாது. எனவே முதலில் யூனிகோடு எனப்படும் பொது எழுத்துக்குறி முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நம் ஊர்களின் பெயர்களே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய எழுத்துருக்களில் ‘ரி’ என்ற எழுத்தைத் துணைக்காலும் அதன்மேல் இகரக் குறியும் சேர்த்து அடிக்கும் பழக்கம் இருந்தது. யூனிகோடுக்கு மாறும்போது அது ரகரமாக மாறாமல் துணைக்காலாகவே தங்கிவிடுகிறது. அப்போது ‘கிருஷ்ணகிரி’ என்பது ‘கிருஷ்ணகிாி’ என்றும், ‘தர்மபுரி’ என்பது ‘தர்மபுாி’ என்றும் பதிவாகிறது. கண்ணுக்கு வேறுபாடு சிறிதாகவே தெரியும். சில எழுத்துருக்களில் தெரியவே தெரியாது. ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ‘கிருஷ்ணகிரி மாங்கன்று’ என்று ஒருவர் தேடும்போது, பிழையான எழுத்தில் ஊர்ப்பெயர் பதிவான பக்கம் அந்தச் சொல்லுக்கு ஈடாகக் கணக்கில் வராமல் போகலாம். இரண்டு மாவட்டங்களின் பெயருமே ‘ரி’யில் முடிவதால், இங்கே தளம் நடத்துபவர்கள் இந்தப் பிழைக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஆளாகிறார்கள். பாரி, ஏரி, வரி, காவிரி, உரிமை என ‘ரி’ வரும் சொற்களை எல்லாம் ஒருமுறை கண்டுபிடித்து மாற்றும் வசதி கொண்டு சரிசெய்துவிட வேண்டும். ‘ரீ’, ‘ர்’ ஆகியவற்றையும் இதே போல் பார்க்க வேண்டும்.

ஒகர எழுத்துகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தளத்துக்குள் தேடும்போது ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். ஒரே தட்டச்சு முறையை எல்லோரும் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது.

பக்கத்தின் முகவரி தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் வேர்டுபிரஸில் ஒரு வரம்பை அறிந்துகொண்டு செய்ய வேண்டும். பக்கத்துக்குத் தலைப்புக் கொடுத்தவுடன் அதிலிருந்தே முகவரியின் கடைசிப் பகுதி தானாக உருவாகிறது. தமிழில் ஒவ்வொரு குறியும், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், 3 பைட்டுகள் எடுக்கும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 இடங்களாக எழுதப்படும். ஆக, ஒரு குறிக்கு 9 இடங்கள். மெய்யெழுத்து ஒரு குறி, அதன்மேல் வரும் புள்ளியோ உயிர்க்குறியோ இன்னொரு குறி என்று எண்ணினால் ‘கிருஷ்ணகிரி’ என்ற சொல்லில் 11 குறிகள் உள்ளன. முகவரியில் அது 99 இடங்களைப் பிடிக்கிறது. வேர்டுபிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். அதாவது 22 குறிகளுக்குப் பிறகு முகவரி வெட்டப்பட்டுவிடும். ‘கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடைக்கும் ஒட்டு மாங்கன்றுகள்’ என்ற தலைப்பு இரண்டாவது சொல்லைத் தாண்டாது. அதே இரண்டு சொற்களில் தொடங்கும் அடுத்த பக்கத்தின் முகவரி, கடைசியில் ஓர் எண் மட்டும் சேர்ந்து வரும்.

எனவே தலைப்பை எவ்வளவு நீளமாகவும் அழகாகவும் தமிழில் வையுங்கள். முகவரியை மட்டும் ஓரிரு சொற்களில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நீண்ட விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறாமல் இருக்க வேண்டுமென்றால், தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிவிடலாம். நான் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியையே பின்பற்றுகிறேன். எதை வைத்தாலும் பிறகு மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திசைமாற்றம் அமைத்துவிடுங்கள்.

எந்தத் தீம் தமிழுக்குப் பொருந்தும்?

மாதிரிப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் தளத்தின் மிக நீளமான தலைப்பை அதில் இட்டு, சிறிய கைபேசியில் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு வடிவமைத்த தீம்களில் தலைப்பின் எழுத்தளவு பெரிதாக இருக்கும். ‘நாற்றுப்பண்ணையிலிருந்து’ போன்ற சொல் திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் எழுத்தளவைப் போல் 1.6 அல்லது 1.7 மடங்கு உயரம் கொடுத்தால், கொக்கியும் சுழியும் மேலும் கீழும் மோதாமல் படிக்க இதமாக இருக்கும். தமிழ் எழுத்தைச் சாய்த்து அழுத்தம் காட்டுவதைத் தவிர்த்துவிடலாம். தடித்த எழுத்து போதும்.

தீமில் உள்ள எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், கைபேசி தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்கள். ஒரே எழுத்துருவில் இரண்டு தடிமன்கள் போதும். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் பக்கத்தின் எடையைக் கூட்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அந்த மொழிகளையும் சேர்க்க முடியுமா?

முடியும். துருபலில் 8-ஆம் பதிப்பு முதலும், ஜூம்லாவில் 1.6-ஆம் பதிப்பு முதலும் பன்மொழி வசதி மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. வேர்டுபிரஸில் அதற்கெனப் பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல், வேண்டும். ஆனால் நான்கு மொழிகளில் தொடங்கி மூன்றை ஓராண்டாகத் தொடாமல் விட்டுவைப்பதைவிட, தமிழில் முழுத் தளத்தையும் அமைத்து, விலை, வழி, தொடர்பு எண் ஆகிய மூன்று பக்கங்களை மட்டும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தருவது மேலானது. இயந்திர மொழிபெயர்ப்பை அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவர் படித்துத் திருத்திய பின்னரே வெளியிடுங்கள். ஒட்டுக்கட்டுதல், தாய்ச்செடி போன்ற தொழிற்சொற்களில் இயந்திரம் எளிதில் தவறுகிறது. வாங்க வருபவர் அதை உடனே கண்டுகொள்வார்.

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பக்கம் எழுதிவிட்டோம். இப்போது திருத்துவதே பெரும்பாடாக இருக்கிறது. என்ன செய்வது?

தளத்தை மேம்படுத்துவது என்றால் நிறத்தை மாற்றுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மேம்பாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நாற்றுப்பண்ணையில் பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா, மல்கோவா, இமாம்பசந்து, பங்கனப்பள்ளி என ஏழு ரகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு பக்கங்களில் விலையையும் இருப்பையும் பத்திகளுக்கு நடுவே எழுதி வைத்தால், விலை மாறும்போது பக்கத்துக்குப் பக்கம் தேடித் திருத்த வேண்டும். முகப்பில் உள்ள பட்டியலில் திருத்த மறந்துவிடும். ஒரே கன்றுக்கு இரண்டு விலைகள் காட்டும் தளத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக ‘மாங்கன்று’ என்று ஒரு தனி உள்ளடக்க வகையை உருவாக்கி, அதற்குள் ரகத்தின் பெயர், ஒட்டு முறை, கன்றின் வயது, நடவு இடைவெளி, விலை, இருப்பு எனத் தனித்தனிப் புலங்களை அமைக்க வேண்டும். துருபலில் இது அமைப்போடு சேர்ந்தே வரும் வசதி. வேர்டுபிரஸிலும் சிறிய பிளகின் மூலமோ சில வரி நிரல் மூலமோ செய்துகொள்ளலாம். விலை ஒரே இடத்தில் இருக்கும். முகப்பு, பட்டியல், தனிப் பக்கம் ஆகிய மூன்றும் அங்கிருந்தே எடுத்துக்காட்டும். இருப்பு தீர்ந்த ரகத்துக்கு ‘அடுத்த பருவத்தில் கிடைக்கும்’ என்று தானாகவே எழுத வைக்கலாம்.

வேர்டுபிரஸின் உள்தேடல் எழுத்துகளை அப்படியே பொருத்திப் பார்ப்பது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘மாங்கன்று’ என்று தேடினால் ‘மாங்கன்றுகள்’ கிடைக்கும், ‘மாங்கன்றை’, ‘மாங்கன்றில்’ ஆகியவை கிடைக்கமாட்டா, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. எனவே ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லின் அடிப்படை வடிவம் ஒருமுறையேனும், தலைப்பிலோ குறிச்சொல்லிலோ, இருக்கும்படி எழுதுங்கள்.

தளம் மிக மெதுவாகத் திறக்கிறது. ஏன்?

நான் பார்த்த தளங்களில் பெரும்பாலும் படங்களே காரணம். கைபேசிக் கேமராவில் எடுத்த படத்தை 5 எம்பி அளவிலேயே ஏற்றி, முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடும்படி வைத்திருப்பார்கள். வேர்டுபிரஸ் தன்னால் இயன்றதைச் செய்கிறது: ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளை உருவாக்கித் திரைக்கேற்றதை அனுப்பும் வசதி 2015 இறுதியில் வந்த 4.4 பதிப்பிலிருந்தும், மிகப் பெரிய படத்தை 2560 புள்ளிகளுக்குச் சுருக்கும் வசதி 2019-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்தும், கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் வசதி 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்தும் இருக்கின்றன. 2021-ல் வந்த 5.8 முதல், கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி வகைப் படங்களையும் ஏற்றலாம். ஆனால் எல்லாப் படங்களையும் பின்னணியாகத் திணிக்கும் தீமும், கனமான ஸ்லைடரும் இந்த வசதிகளைப் பயனற்றவையாக்கிவிடும். ஓடும் படங்களை நீக்கிவிட்டு ஒரே நல்ல படத்தை வைக்கும்படி எல்லோரிடமும் சொல்கிறேன். தளம் வேகமாவதோடு, பார்ப்பவர் அந்தப் படத்தை நின்று பார்க்கவும் செய்கிறார்.

கூகுள் வெளியிட்டிருக்கும் அளவுகோல்படி, பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும். படம் ஏறும்போது எழுத்து குதித்து நகர்வதைக் குறிக்கும் எண் 0.1-க்கு மிகாமல் இருக்க வேண்டும். இவற்றை அலுவலக வைஃபையில் அளக்காதீர்கள். அஞ்செட்டி மலைப்பாதையிலோ ஒகேனக்கல் போகும் வழியிலோ சிக்னல் குறையும் இடத்தில், சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியில் திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் அங்கிருந்துதான் பார்க்கிறார்.

படத்துக்கு அடுத்தபடியாக மூன்றைக் கவனிக்க வேண்டும். சர்வர் இந்தியாவில் இருக்கட்டும். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறத்தாழ கால் விநாடி செலவாகிறது. உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு அப்படியே தரும் கேஷ் வசதி ஒன்றை இயக்குங்கள். ஒன்றே போதும், இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று மோதும். வேர்டுபிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி நிரல்மொழியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதிலோ அதற்கு முந்தியதிலோ ஓடும் தளத்தை ஆதரவில் உள்ள 8-ஆம் வரிசைப் பதிப்புக்கு மாற்றுங்கள்.

எத்தனை பிளகின்கள் வைத்துக்கொள்ளலாம்?

எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இதை நீக்கினால் எந்த வேலை நின்றுபோகும்?’ என்று கேளுங்கள். விடை தெரியாததை முதலில் நகல் தளத்தில், அதாவது சோதனைக்கென வைத்த தளத்தின் படியில், நிறுத்திப் பார்த்து, பிறகு நீக்குங்கள். பணம் கொடுத்து வாங்க வேண்டிய தீம்களையும் பிளகின்களையும் ‘நல்டு’ என்ற பெயரில் இலவசமாகத் தரும் இடங்களிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். அவற்றில் பின்வாசல் நிரலை ஒளித்து வைப்பது பரவலான வழக்கம்.

அப்டேட் செய்தால் தளம் உடைந்துவிடும் என்கிறார்கள். செய்யாமலே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 2014 அக்டோபர் 15 அன்று துருபலில் ஒரு பெரிய பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத ஒவ்வொரு துருபல் 7 தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று, இரண்டு வாரங்கள் கழித்து அதன் பாதுகாப்புக் குழுவே சொல்லும் நிலை வந்தது. தாக்குபவர்கள் தளத்தைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதும் தட்டிக்கொண்டே போகின்றன. ஆகவே ‘சின்ன நாற்றுப்பண்ணையை யார் தாக்கப்போகிறார்கள்’ என்ற எண்ணம் காப்பாற்றாது.

வேர்டுபிரஸ் 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே ஏற்றுக்கொள்கிறது, அதை நிறுத்திவைக்காதீர்கள். பெரிய பதிப்பு மாற்றத்தை முதலில் நகல் தளத்தில் செய்து, படிவம், விலைப்பட்டியல், கைபேசித் தோற்றம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு உண்மைத் தளத்தில் செய்யுங்கள். தீமின் கோப்புகளை நேரடியாகத் திருத்தியிருந்தால் அப்டேட் அவற்றை அழித்துவிடும் என்பதால், திருத்தங்களைச் சைல்டு தீம் எனப்படும் துணைத் தீமில் வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழப் பருவம் உச்சத்தில் இருக்கும் மே, ஜூன் மாதங்களில் பெரிய மாற்றங்களைத் தொடங்காமல் இருப்பது என் வழக்கம்.

காப்பு நகல் எப்படி எடுப்பது?

தரவுத்தளம், கோப்புகள் என இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் அது முழு நகல். தொழிலில் நான் புதிதாக இருந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் தளத்துக்கு ஒழுங்காக நாள்தோறும் நகல் எடுத்து, அதே சர்வரிலேயே வைத்திருந்தேன். அந்த சர்வரின் வட்டு ஒருநாள் பழுதானபோது தளமும் நகலும் சேர்ந்தே போயின. கைபேசிகளில் இருந்த படங்களையும் பழைய ரசீதுகளையும் சேகரித்துத் தளத்தை மறுபடி எழுத மூன்று வாரங்கள் ஆயின. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஒரு நகலை வேறொரு மேகச் சேமிப்பிலும், மாதம் ஒன்றை உரிமையாளரின் சொந்தக் கணினியிலோ பென் டிரைவிலோ வைக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை அந்த நகலிலிருந்து தளத்தை உண்மையாகவே எழுப்பிப் பார்க்கிறேன். எழுப்பிப் பார்க்காத நகலை நம்பி இருக்க முடியாது.

தளத்தைத் திறந்தால் சம்பந்தமில்லாத சூதாட்டப் பக்கம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, ஹோஸ்டிங், தரவுத்தளம், நிர்வாகி ஆகிய எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். உங்களுக்குத் தெரியாத நிர்வாகிக் கணக்கு இருந்தால் நீக்குங்கள். வேர்டுபிரஸின் மூலக் கோப்புகளையும் பிளகின்களையும் அசல் இடத்திலிருந்து புதிதாக இறக்கி மாற்றுங்கள். படங்கள் இருக்கும் அடைவில் பிஎச்பி கோப்பு ஏதேனும் இருந்தால் அது பெரும்பாலும் வந்து புகுந்ததே. எந்த வழியாக நுழைந்தார்கள் என்று கண்டுபிடிக்காமல் பழைய நகலை மட்டும் மீட்டுவைத்தால் மீண்டும் நுழைவார்கள். சுத்தமான பிறகு நிர்வாகிகள் அனைவருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

தளம் ஓடுகிறது, ஆனால் கூகுளில் வரவே இல்லை. ஏன்?

வேர்டுபிரஸின் அமைப்புகளில், படித்தல் என்ற பகுதியில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது அதில் குறியிட்டு, திறக்கும்போது எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். 5.5 பதிப்பிலிருந்து, தேடுபொறிக்கான பக்கப் பட்டியலான தளவரைபடம் தானாகவே உருவாகிறது. அதை, தள உரிமையாளர்களுக்கெனக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் சேவையில் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியது, வாடிக்கையாளர் உண்மையில் கேட்கும் கேள்விக்கு அவர் பேசும் சொல்லிலேயே விடை எழுதுவதுதான். ‘பெங்களூரா’ என்றும் ‘தோத்தாபுரி’ என்றும் ‘கிளிமூக்கு’ என்றும் ஒரே மாங்காய்க்குப் பெயர்கள் வழங்கும்போது, மூன்றும் அந்தப் பக்கத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும்.

தொடர்புப் படிவத்தில் அனுப்புவது எங்களுக்கு வந்து சேர்வதில்லை. ஏன்?

சர்வர் நேரடியாக அனுப்பும் மின்னஞ்சலை, அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்ய முடியாததால், பெறும் நிறுவனங்கள் ஒதுக்கிவிடுகின்றன. எஸ்எம்டிபி என்னும் மின்னஞ்சல் அனுப்பு முறை வழியாக உண்மையான மின்னஞ்சல் கணக்கிலிருந்து அனுப்பும்படி அமைத்து, அனுப்பியவரை உறுதிசெய்ய உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். படிவத்தில் பெயரும் கைபேசி எண்ணும் தவிர வேறெதையும் கேட்காதீர்கள். 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேல் தகவல் திரட்டாமல் இருப்பதையே எதிர்பார்க்கிறது.

தளம் அமைத்துத் தந்தவரிடமிருந்து வேறொருவருக்கு மாற்ற விரும்புகிறோம். எதை எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

டொமைன் கணக்கின் முழு உரிமை அல்லது அதை மாற்றுவதற்கான அனுமதிக் குறியீடு. ஹோஸ்டிங் கணக்கின் நுழைவு. நிர்வாகி நிலையில் உங்கள் பெயரில் ஒரு பயனர் கணக்கு. தரவுத்தளத்தின் முழு ஏற்றுமதி. படங்களும் தீமும் பிளகின்களும் அடங்கிய கோப்புகள். பணம் கட்டி வாங்கிய தீம், பிளகின்களின் உரிமச் சாவிகள். சர்ச் கன்சோலிலும் கூகுள் வரைபடத்தில் உங்கள் கடை இருக்கும் பதிவிலும் உரிமையாளர் நிலை. வேலை முடித்ததற்கான பாக்கி இருந்தால் அதை முதலில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். நல்லுறவோடு பிரிந்தால் ஒரே மாலையில் முடியும் வேலை இது.

பழைய தளங்களை இடம் மாற்றும்போது தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாக மாறும் ஆபத்து உண்டு. தரவுத்தளத்தின் எழுத்துக்குறி முறை ஏற்றுமதியிலும் இறக்குமதியிலும் வேறுபட்டால் இப்படி ஆகும். வேர்டுபிரஸ் 2015-ல் வந்த 4.2 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 முறையைப் பயன்படுத்துகிறது, புதிய இடத்திலும் அதே முறை இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றியவுடன் முகப்பைப் பார்த்து நிறைவடையாமல், மிகப் பழைய பக்கம் ஒன்றைத் திறந்து, அதில் ஊர்ப்பெயர் சரியாகத் தெரிகிறதா என்று படித்துப் பாருங்கள். தெரியவில்லையென்றால், பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தாமல் வைத்திருந்து, ஏற்றுமதியை மறுபடி எடுக்க வேண்டும். அதற்காகவே பழைய இடத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் கூடுதலாகப் பணம் கட்டி வைக்கச் சொல்கிறேன்.